கீபோர்டு யார் கையில்?

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மே மாதக் கடைசியில், விழுப்புரத்தில் ஓர் இ-சேவை மைய வாசலில் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே ஒரு பெண் பிள்ளையும் அவள் அப்பாவும் இருந்தார்கள். அப்பா கரும்பு வெட்டுக்குப் போகிறவர். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தைத் திறந்துவைத்திருந்த இளைஞர், "எந்த கோர்ஸ்மா போடணும்?" என்று கேட்டார். "பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்றாள் பிள்ளை. அப்பா நம் பக்கம் திரும்பினார். "கலைக் கல்லூரின்னா பி.ஏ. தானேங்க படிப்பாங்க? அங்க எப்படிங்க கம்ப்யூட்டரு?"

அவருடைய சட்டைப் பையில் ஒரு விசிட்டிங் கார்டு இருந்தது. ஒரு தனியார் பொறியியல் கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் கொடுத்தது. "எஸ்.சி. பிள்ளைன்னா ஒரு பைசா வேணாம், எல்லாம் ஸ்காலர்ஷிப்ல கழிஞ்சிடும், சர்ட்டிபிகேட்ட மட்டும் குடுத்துடுங்க"ன்னு சொல்லியிருக்கிறார். அதே வாரத்தில் அந்தத் தெருவில் இன்னும் நான்கு வீடுகளில் அதே கார்டைப் பார்த்தோம்.

அந்த அப்பாவிடம் அன்று நாம் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறோம். பொறியியல் படிப்பு வேண்டாம் என்பதல்ல. அரசுக் கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உண்டு. அதில் சேர்கிறவரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆனால் ஏஜென்ட் கூட்டிப்போவது பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு. அந்த இடத்துக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடையாது. இது தெரியாமல் சேர்ந்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் கட்டணம் கேட்கும்போது விழித்து, படிப்பை விட்டுவிட்டுச் சான்றிதழைத் திருப்பி வாங்க அலைகிற குடும்பங்களை நாம் நேரில் பார்த்திருக்கிறோம். அசல் சான்றிதழைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. ஆனாலும் நம் தெருக்களில் இன்றைக்கும் முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதம்தான்.

அன்று அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்துக்கு ஆன செலவு 2 ரூபாய். மற்றவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் மட்டும்தான். மையத்துக்காரர் தன் கூலி 60 ரூபாயை வாங்கிக்கொண்டார்.

"கலைக் கல்லூரியில் கம்ப்யூட்டரா?" என்ற அந்த அப்பாவின் கேள்வியை ஆசிரியர்களிடம்கூடக் கேட்டிருக்கிறோம். கலைக் கல்லூரி என்றாலே வேறு வழியில்லாதவர்கள் போகிற இடம் என்று ஓர் எண்ணம். அண்ணல் அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்றது பொருளாதாரத்திலும் அரசியல் அறிவியலிலும். பின்னாளில் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி 1946-இல் அவர் பம்பாயில் நிறுவிய முதல் கல்லூரியின் பெயர் சித்தார்த்தா கலை அறிவியல் கல்லூரி. கலையும் அறிவியலும் ஒரே கூரையின் கீழ். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்காக அங்கே காலை வகுப்புகள் நடந்தன. நம் அரசுக் கல்லூரிகளில் இரண்டு ஷிப்டு ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு அது நினைவுக்கு வரும்.

பி.எஸ்சி. கணினி அறிவியலில் என்னதான் படிக்கிறார்கள்? பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சற்று மாறும். பொதுவாக சி அல்லது பைதான், பிறகு டேட்டா ஸ்ட்ரக்சர், ஜாவா, டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க். துணைப்பாடமாகக் கணிதம் அல்லது புள்ளியியல். கூடவே தமிழும் ஆங்கிலமும். பக்கத்து வகுப்பில் வரலாறு நடக்கும், எதிர் வராண்டாவில் பொருளாதாரம். இது குறையில்லை என்பதுதான் நம் கட்சி. எப்படி என்று பிறகு வருகிறோம்.

முதலில் இடம் கிடைப்பது. அறிவியல் படிப்புகளுக்குத் தரவரிசை, மொழிப்பாடங்கள் நீங்கலாக மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துப் போடப்படுகிறது. பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. அதற்குள் அருந்ததியருக்கு 2009 முதல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு. பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. 60 பேர் வகுப்பென்றால் பட்டியல் சாதிக்குச் சுமார் 11 இடம். பல பெற்றோருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 31 விழுக்காடு பொதுப்பிரிவு இடங்கள் எல்லோருக்கும் பொது. பிள்ளையின் தரவரிசை அதற்குள் வந்தால் அங்கேயே இடம் எடுக்கலாம், எடுக்க வேண்டும். அப்போது இட ஒதுக்கீட்டு இடம் இன்னொரு பிள்ளைக்குப் போகும். "நீங்க எஸ்.சி. கலந்தாய்வு அன்னிக்கு வாங்க" என்று யாராவது சொன்னால், தரவரிசைப் பட்டியலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்தது. இரண்டாம் ஷிப்டு. இளநிலைப் படிப்புக்கு அரசுக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று சில ஆயிரத்துக்குள் முடிந்தது. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அப்பா நிம்மதியாகக் கரும்பு வெட்டப் போனார். நாமும் ஒரு நல்ல செய்தி எழுதிய திருப்தியில் அடுத்த வேலையைப் பார்க்கப் போனோம்.

மூன்றாம் செமஸ்டர் தொடங்கும்போது அந்த அப்பாவிடமிருந்து போன் வந்தது. "பாப்பா நின்னுடறேங்குது சார். ரெண்டு அரியரு. தலைக்கு ஏறலங்குது. நீங்க வந்து பேசுங்க."

போனோம். பிள்ளை முதலில் வாய் திறக்கவில்லை. அவள் அம்மா டீ கொடுத்துவிட்டுப் போன பிறகுதான் பேசினாள். அன்று அவள் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ஆய்வகத்தில் இயந்திரங்கள் குறைவு. பழுதானவை போக மீதி உள்ளதில் மூன்று பேருக்கு ஒன்று. ஒருவர் அடிப்பார், ஒருவர் சொல்வார், ஒருவர் பார்ப்பார். அடிப்பவர் வீட்டில் லேப்டாப் இருக்கிறவர், வேகமாக அடிப்பார். சொல்பவர் டவுன் பள்ளியில் கணினி அறிவியல் படித்துவிட்டு வந்தவர். பார்ப்பவள் இவள். "முழு வருஷத்துல நான் கீபோர்டைத் தொட்டது மொத்தமா ஒரு மணி நேரம்கூட இருக்காது. அவங்க தர மாட்டேன்னு சொல்லல சார். நானும் கேட்கல. ரெக்கார்டு நோட்ல அவுட்புட்டைப் பார்த்து எழுதிக்குவேன். செய்முறைத் தேர்வுல தனியா உட்கார வச்சாங்க. கை ஓடல."

நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இட ஒதுக்கீடு அவளை அந்த அறைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது. அந்த மேசையின் மேல் இருந்த கீபோர்டு அவளுக்கு ஒதுக்கப்படவில்லை. ஒதுக்கவும் எந்த அரசாணையும் கிடையாது.

அதன்பிறகு மாவட்டத்தில் மூன்று கல்லூரிகளில் கேட்டோம். அச்சு அசலாக இதையேதான் சொன்னார்கள். "பார்க்கிற ஆள்" பெரும்பாலும் முதல் தலைமுறை, பெரும்பாலும் பெண், பெரும்பாலும் காலனியிலிருந்து வருகிறவர். இதை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. திட்டமில்லாமலே நடப்பதைத்தான் நாம் சாதி என்கிறோம்.

அவளுடைய துறையில் ஒரு கௌரவ விரிவுரையாளர் இருந்தார். நம் அரசுக் கல்லூரிகளில் கணினித் துறைகள் பெரும்பாலும் இவர்களை நம்பித்தான் ஓடுகின்றன. சம்பளம் குறைவு, வேலை நிரந்தரமில்லை. அவரிடம் பேசினோம். கோபப்படுவார் என்று நினைத்தோம். சற்று நேரம் யோசித்துவிட்டு, "நானும் மூணாவது ஆளா உட்கார்ந்து படிச்சவதான் சார்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து அவருடைய வகுப்பில் ஒரு விதி வந்தது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். அடித்தவர் பார்ப்பவராக, பார்த்தவர் அடிப்பவராக. முதல் நாள் முணுமுணுப்பு. வேகமாக அடிக்கிற பையன்கள், "மேடம், இவங்க அடிச்சா புரோகிராம் முடியாது" என்றார்களாம். "முடியாட்டி முடியாம போகட்டும், நாளைக்கு முடிங்க" என்றிருக்கிறார். முதல்வரிடம் அனுமதி வாங்கி, சனிக்கிழமைகளில் மதியம் வரை ஆய்வகத்தைத் திறந்துவைக்கவும் ஏற்பாடு செய்தார். இதற்கெல்லாம் தனியாக ஒரு ரூபாய் செலவாகவில்லை என்பதைக் கல்லூரி நிர்வாகங்கள் கவனிக்க வேண்டும்.

இந்த இடத்தில் தூர தேசத்து ஒரு பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டும். டோரத்தி வாகன், அமெரிக்கக் கறுப்பினப் பெண். கறுப்பின மக்களுக்கென இருந்த வில்பர்போர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1929-இல் கணிதம் படித்து முடித்துப் பள்ளி ஆசிரியை ஆனார். 1943-இல் லாங்லி விமான ஆய்வகத்தில் கணக்குப் போடும் வேலைக்குச் சேர்ந்தார். வெள்ளைப் பெண்கள் ஒரு கட்டடத்தில், கறுப்புப் பெண்கள் இன்னொரு கட்டடத்தில். சாப்பாட்டு மேசையும் தனி. பின்னாளில் கணினி இயந்திரங்கள் வந்தன. கையால் கணக்குப் போடுகிறவர்களுக்கு வேலை போய்விடும் நிலை. டோரத்தி, ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியைத் தானே கற்றுக்கொண்டு, தன் குழுவிலிருந்த மற்ற பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அந்த விரிவுரையாளருக்கு இந்தக் கதையை நாம் சொன்னபோது, "அந்தம்மாவுக்கு அரியர் இருந்துச்சான்னு கேட்டுச் சொல்லுங்க, பிள்ளைங்களுக்குச் சொல்லணும்" என்று சிரித்தார்.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. அதே வகுப்பில் படித்த ஒரு தம்பி, பக்கத்து ஊர்க்காரர், நான்காம் செமஸ்டரில் நின்றுவிட்டார். புதுச்சேரியில் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் இருக்கிறார். தேடிப்போய்ப் பார்த்தோம். நன்றாக வேலை செய்கிறார். சாலிடரிங் ராடு அவர் கையில் பேனா மாதிரி ஓடுகிறது. ஏன் நின்றீர்கள் என்றதற்கு, "இங்கிலீஷ் சார்" என்றார். அப்பாவின் மருத்துவச் செலவு, கடன் என்று வேறு காரணங்களும் இருந்தன. அவர் வாயில் முதலில் வந்தது ஆங்கிலம்தான். பிள்ளைகளை எது அதிகம் மிரட்டுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எனவே மாணவர்களுக்கு நேராகவே ஒரு கணக்கு சொல்கிறோம். சி மொழியின் பழைய தரநிலையில் உள்ள சிறப்புச் சொற்கள் 32. பைதானில் இன்றைக்கு 35. இஃப், எல்ஸ், ஃபார், வைல், ரிட்டர்ன் என்று சின்னச் சின்னச் சொற்கள். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் நீங்கள் மனப்பாடம் செய்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உண்மையில் தடுக்கி விழுவது பிழைச் செய்திகளில். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்ததும் மனம் விட்டுப்போகிறது. நம் பிள்ளை ஒரு வேலை செய்தாள். 80 பக்க நோட்டு ஒன்றை வாங்கி, வருகிற ஒவ்வொரு பிழைச் செய்தியையும் அப்படியே எழுதி, கீழே அது எதனால் வந்தது என்று தமிழில் எழுதிவைத்தாள். "சின்டாக்ஸ் எரர் - எங்கயோ அடைப்புக்குறி மூடல." "இன்டென்டேஷன் எரர் - வரி தள்ளிப் போயிருக்கு." "நேம் எரர் - பேரைத் தப்பா அடிச்சிருக்கேன், இல்ல பேரே வைக்கல." ஒரு செமஸ்டரில் நோட்டு பாதிகூட நிரம்பவில்லை. ஏனென்றால் திரும்பத் திரும்ப வருவது அதே முப்பது, நாற்பது பிழைகள்தான். அந்த நோட்டு இப்போது ஜெராக்ஸ் ஆகி மூன்று வகுப்புகளில் சுற்றுகிறது.

கலைக் கல்லூரி என்பது குறையில்லை என்று சொன்னோமே, அதற்கு வருவோம். இவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டும் தமிழ்ப்பாடம் உண்டு. தமிழ் வகுப்பில் ஐயா யாப்பு நடத்திக்கொண்டிருந்தார். குறில் தனித்து வந்தாலும் ஒற்றோடு வந்தாலும், நெடில் தனித்து வந்தாலும் ஒற்றோடு வந்தாலும் நேரசை. இரண்டு குறிலோ குறிலும் நெடிலுமோ இணைந்து வந்தால், ஒற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிரையசை. பிள்ளை சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாளாம். "இது இஃப், எல்ஸ் தானே!" அந்தச் சனிக்கிழமை, ஒரு சொல்லைக் கொடுத்தால் அசை பிரிக்கிற புரோகிராமை எழுத உட்கார்ந்தாள். அங்கே ஒரு சிக்கல். "கல்வி" என்ற சொல்லின் நீளத்தைப் பைதானில் கேட்டால் 5 என்கிறது. நமக்கோ மூன்று எழுத்து. காரணம் யூனிகோடில் க, ல, புள்ளி, வ, இகரக் குறி என்று ஐந்தாகப் பதிவாவதுதான். இதைக் கணினித் துறையிலும் கேட்டாள், தமிழ்த் துறையிலும் கேட்டாள். தமிழ் ஐயா அன்று மாலை இரண்டாம் ஷிப்டு முடிகிற வரை ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தார். உயிர்மெய்யைப் பிரித்து எண்ணுகிற வழியை இரண்டு பேருமாகக் கண்டுபிடித்தார்கள். தமிழ்த் துறை அறை இருபது அடி தூரத்தில் இருக்கிற கல்லூரியில்தான் இது இவ்வளவு சுலபமாக நடக்கும். தமிழில் எழுத்துப்பிழை திருத்தவும், பேச்சை எழுத்தாக்கவும் செய்ய வேண்டிய வேலை மலைபோல் கிடக்கிறது. அதற்கு இரண்டும் தெரிந்த பிள்ளைகள் வேண்டும்.

கைக்குக் கருவி இல்லையே என்பார்கள். 2025-26 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாக அறிவித்தார்கள். கலைக் கல்லூரிக் கணினி மாணவருக்கு அது முதல் ஆண்டிலேயே கைக்கு வர வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிகிற நேரத்தில் கொடுத்தால் படம் பார்க்கத்தான் உதவும். அதுவரை சாதாரண செல்போனிலேயே பைதான் எழுதிப் பழகலாம். அதற்கு இலவசச் செயலிகள் இருக்கின்றன. என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், தேர்வெழுதினால்தான் கட்டணம். விழுப்புரத்திலேயே கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி தருகிறார்கள். நம் பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் அங்கே போக வேண்டும். போகத் தயங்குகிறார்கள்.

அந்தத் தயக்கம் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குக் குழு சேர்க்கும்போது, "எந்த ஊரு?", "ஊர்ல எங்க?" என்ற கேள்விகள் வரும். இரண்டாவது கேள்விக்குப் பிறகு சில குழுக்களில் இடம் இருக்காது. வாட்ஸ்அப் குழுவில் பெயர் இருக்கும். சந்திப்பு எங்கே என்று மட்டும் தகவல் வராது. இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் வெளியிட்ட தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த நாள்களைப் பற்றிச் சொல்கிறார். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். சாதி தெரிந்துவிடும் என்று அஞ்சி யாரோடும் பழகாமல், மணியடித்த பிறகு வகுப்புக்குள் போய், விட்டதும் விரைந்து வீடு திரும்பினார். அவர் அஞ்சியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். நம் பிள்ளை பேருந்தில் ஏறும்போது காலனி நிறுத்தத்தில் ஏறாமல் ஒரு கிலோமீட்டர் நடந்து ஊர் நிறுத்தத்தில் ஏறுகிறாள் என்பது அவள் அம்மா சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது. கல்லூரிகளில் புராஜெக்ட் குழுக்களை மாணவர்கள் விருப்பத்துக்கு விடாமல், துறையே பிரித்துக் கொடுக்க வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டால்கூடப் போதும்.

உதவித்தொகையில் ஒரு வார்த்தை. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்றிய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. பணம் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கு வருகிறது. இந்த இணைப்பு சரியாக இல்லாமல் திரும்பிப்போகிற பணம் பற்றி ஒவ்வோர் ஆண்டும் நமக்குப் புகார் வருகிறது. பிள்ளையின் பெயரில் கணக்கு இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா, கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று ஜூலை மாதத்திலேயே வங்கிக்குப் போய்ப் பாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று கையில் இருக்கட்டும். மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கு மாநில அரசின் உதவித்தொகை உண்டு. உங்களுக்கு இல்லை என்று யாராவது சொன்னால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

பட்டம் முடித்தபின் வழி இருக்கிறதா? இருக்கிறது. டான்செட் எழுதி இரண்டாண்டு எம்.சி.ஏ. சேரலாம். எம்.எஸ்சி. படித்து நெட் அல்லது செட் தேறினால் கல்லூரி ஆசிரியர் பணிக்குத் தகுதி. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பல, பி.எஸ்சி., பி.சி.ஏ. பட்டதாரிகளுக்கென்றே தனியாக ஆளெடுக்கின்றன. விப்ரோ போன்ற இடங்களில் வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்க வைக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்து 75 விழுக்காடு வரை கட்டணச் சலுகை உண்டு. கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறவர்களுக்குத் தமிழ்ப்பாடம் கைகொடுக்கும். ஆனால் வேலை தானாக வராது. நேர்காணலில் ஒரு தாளைக் கொடுத்து, "இதற்குப் புரோகிராம் எழுது" என்பார்கள். அங்கே ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுத முடியாது.

அந்த அப்பா இப்போது நம்மைப் பார்த்தால் ஏஜென்ட் கார்டைப் பற்றிப் பேசி இன்னும் சிரிக்கிறார். கார்டு வாங்கிய மற்ற நான்கு வீடுகளில் ஒரு வீட்டுப் பையனின் சான்றிதழ் இன்னும் அந்தக் கல்லூரியில்தான் இருக்கிறது. அதற்கு மனு எழுதிக்கொடுத்திருக்கிறோம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அந்தக் கல்லூரி ஆய்வகத்துக்குப் போனோம். பிள்ளை மூன்றாம் ஆண்டு. அரியர் இரண்டையும் எழுதித் தேறிவிட்டாள். முதலாண்டு மாணவர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மேசையில் இரண்டு பேர் மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்க, மூன்றாவதாக ஒரு சின்னப் பெண் கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம் பிள்ளை அந்த மேசைக்குப் போனாள். கீபோர்டை இழுத்து அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தாள்.

"நீ அடி பாப்பா. நான் சொல்லல. நீயே யோசிச்சு அடி."

"தப்பாயிடும்கா."

"ஆவட்டும். எத்தனை தப்பு வருதுன்னு பார்ப்போம்."

முதல் வரியிலேயே சிவப்பாக வந்தது. நம் பிள்ளை பையிலிருந்து நோட்டின் ஜெராக்ஸை எடுத்து மேசைமேல் வைத்தாள். பன்னிரண்டே முக்கால் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.